ஏழாம் வரியில் ஓர் எருமை

பரந்தன் சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, யோகநாதனின் சைக்கிள் கடைத் தாழ்வாரத்தில், ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு தமிழ் டைப் மெசின். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடம் அரசாங்கத்தோடு பேசிக்கொண்டிருந்தவர் பரமலிங்கம். அரசாங்கம் பதில் சொன்னதா என்று அவர் அதிகம் கவலைப்பட்டதில்லை. அவருடைய கவலை முழுவதும் தாளின் வலது ஓரத்தில் இருந்தது.

"இடது பக்கத்தை மெசின் பாத்துக்கொள்ளும். வலது பக்கத்தை மனுசன்தான் பாக்கவேணும்" என்பார்.

அவருடைய கணக்குப்படி வரிக்கு ஐம்பது தட்டு. நாற்பத்தொன்பதும் கூடாது, ஐம்பத்தொன்றும் கூடாது. எல்லா வரியும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும், வயல் வரம்பைப் போல. வரி குறைந்தால் 'மிகவும்' என்று ஒன்றைச் சேர்ப்பார். இன்னும் குறைந்தால் 'தாழ்மையுடன்'. கூடினால் 'ஐயா' என்பதை எடுத்துவிடுவார். அந்தக் காலத்துப் பரந்தன் மக்கள் ஒரு வரியில் மிகமிகத் தாழ்மையாகவும் அடுத்த வரியில் சற்றே திமிராகவும் அரசாங்கக் கந்தோருக்கு எழுதியதாகத் தெரிந்தால் அதற்கு அவர்களுடைய குணம் காரணமல்ல.

இந்த வருத்தம் அவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரம் தட்டிக்கொண்டிருந்தபோது தொற்றியது. காணி உறுதியில் வரிக் கடைசியில் இடம் விடக்கூடாது. விட்டால் பிறகு எவனாவது அந்த இடத்தில் இரண்டு பனையையோ கிணற்றில் பாதியையோ நட்டுவிடுவான். ஆகவே வெற்றிடம் வந்தால் கோடு போட்டு அடைக்க வேண்டும். மற்றக் கிளாக்கர்மார் கோடு போட்டார்கள். பரமலிங்கத்துக்குக் கோடு பிடிக்கவில்லை. சொல்லால் அடைத்தார். ஒருமுறை அடைப்பதற்குப் போட்ட 'சகல உரித்துகளும்' என்ற சொல்லால் ஒரு மாமியாருக்கு மருமகனின் வீடு போய்விட்டது. அதற்குப் பிறகுதான் அவர் வன்னிக்கு வந்தார்.

வரும்போது கலியாணமும் முடிந்திருந்தது. அவர் கமலாசனிக்கு எழுதிய முதற் கடிதத்தின் மூன்றாம் வரி, 'என் அன்பே அன்பே அன்பே' என்று முடிந்திருந்தது. அதைப் படித்துத்தான் கமலாசனி வேறு இரண்டு சம்பந்தங்களை வேண்டாம் என்றார். மூன்று வருடம் கழித்து, ஒரு நாள் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது, அதில் இரண்டு 'அன்பே' வலது ஓரத்துக்காகப் போட்டது என்று மனுசன் தன் வாயாலேயே சொன்னார். கமலாசனி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப எனக்கெண்டு போட்டது ஒண்டுதானோ?"

"ஓம். ஆனா அது நல்லாப் பொருந்தி வந்தது."

அன்று மீன் குழம்பில் உப்பு இல்லை. அதுவும் பொருந்தி வந்தது என்று அவர் சாப்பிட்டு முடித்தார்.

இரணைமடுப் பக்கம் புதிதாக வாய்க்கால் வெட்டிக் காணி கொடுக்கப் போகிறார்கள் என்ற கதை வந்ததும் பரமலிங்கத்தின் மேசைக்கு முன்னால் வரிசை நின்றது. ஒவ்வொருவருக்கும் புதிதாக மனு தட்ட நேரமில்லை. அவர் ஒரு வேலை செய்தார். மனுவின் உடம்பை முன்கூட்டியே காபன் தாள் வைத்துத் தட்டி அடுக்கிக்கொண்டார். பேருக்கு இடம், ஊருக்கு இடம், பிள்ளைகளின் தொகைக்கு இரண்டு இலக்கம். ஆள் வந்ததும் தாளை மெசினில் திரும்ப ஏற்றி, இடைவெளியை நிரப்பி இறக்குவார். பேர் சின்னதென்றால் மிச்சத்துக்குப் புள்ளி வைப்பார். பெரிதென்றால் வாலை வெட்டுவார்.

முதலில் நிரப்பியது, தாழ்வாரம் தந்த யோகநாதனுக்கு. அவன் புதிதாகக் கலியாணம் முடித்தவன். தாளை வாங்கிப் படித்தவன் தலையைச் சொறிந்தான்.

"மாஸ்டர், '00 பிள்ளைகள் பசியால் வாடுவதாலும்' எண்டு கிடக்குது. எனக்குத்தான் பிள்ளையே இல்லையே."

"அதுதானே சைபர் சைபர் எண்டு போட்டிருக்கு."

"இல்லாத பிள்ளையள் எப்பிடி மாஸ்டர் பசியில வாடும்?"

"அதைக் கந்தோர் யோசிக்கட்டும். நீ ஓரத்தைப் பார்."

யோகநாதன் ஓரத்தைப் பார்த்தான். அது நேராகத்தான் இருந்தது. ஏழாம் வரியில் மட்டும் ஒரு பள்ளம். அந்த வரிக்கு என்ன போட்டாலும் நாலு தட்டுக் குறைந்தது, அல்லது மூன்று கூடியது. பரமலிங்கத்துக்கு இரண்டு நாளாக நித்திரை வரவில்லை.

மூன்றாம் நாள் இளையதம்பி வந்தான்.

இளையதம்பி யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து ஆறு வருடம். வேறொருவருடைய வயலில் பங்குக்குச் செய்து, அதே வயலின் மூலையில் ஒரு கொட்டில் போட்டு இருந்தான். அந்த வயற்காரர் வயலை விற்கப்போகிறார். சித்திரைக்குள் கொட்டிலைப் பிரிக்கச் சொல்லியாயிற்று. வருகிற மாதம் ஒரு வியாழக்கிழமை காணிக் கச்சேரி. அங்கே அதிகாரி ஆளை ஆள் பார்த்து, மனுவைப் பார்த்து, தகுதியானவர்களைத் தெரிவு செய்வார். அதில் அவனுக்கு மூன்று ஏக்கர் கிடைத்தால் வீடு உண்டு. கிடைக்காவிட்டால் பெண்சாதி இராசமலரையும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ரோட்டில் நிற்க வேண்டும்.

"சொத்து ஏதும் உண்டோ?" என்று கேட்டார் பரமலிங்கம்.

"ஒரு எருமை கிடக்கு, ஐயா. அதுக்கும் ஒரு கொம்புதான். மற்றது லொறியில அடிபட்டுப் போச்சு."

பரமலிங்கத்தின் விரல்கள் மேசையில் தாமாகவே எண்ணத் தொடங்கின. மெசினில் தாளை ஏற்றினார். தட்டினார்:

ஒற்றைக் கொம்பு எருமை ஒன்றேயன்றி வேறு ஆதனம் யாதும் இல்லாதவனும் ஆன

ஐம்பதாவது தட்டில் மணி அடித்தது. வரி முடிந்தது. ஒரு 'மிகவும்' தேவைப்படவில்லை. தாளை இறக்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். தாளின் வலது ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்தாலும் விலகாது.

"இளையதம்பி, உன்ரை எருமை பெரிய காரியம் செய்திருக்கு" என்றார். இளையதம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் எருமையைப் புகழ்ந்ததில் சந்தோசப்பட்டுப் போனான்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அப்படி வந்த வரியை எந்த மனுசன் அழிப்பான்? அடுத்து வந்தவருக்கு நிரப்பியபோது பேர் மாறியது, ஊர் மாறியது, பிள்ளைகள் மாறினார்கள். எருமை மாறவில்லை. அதற்கடுத்தவருக்கும் அப்படியே. யோகநாதனின் பழைய தாளைக்கூடத் திருப்பி வாங்கிக் கிழித்துவிட்டு, எருமையோடு ஒன்று கொடுத்தார். முல்லைத்தீவுக் கரையிலிருந்து, கடலோரக் களப்பில் வலை போட அனுமதி கேட்க வந்த அந்தோனிமுத்து என்பவரும் ஒற்றைக் கொம்பு எருமையோடுதான் பஸ் ஏறினார்.

கமலாசனி ஒரு நாள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தபோது மேசையில் கிடந்த தாள்களைப் புரட்டினார்.

"இஞ்சாருங்கோ, இதென்ன எல்லாருக்கும் ஒரே எருமை?"

"அது வரிக்காக."

"எனக்குப் போட்ட அன்பே மாதிரியோ?"

பரமலிங்கம் சோற்றைக் குழைத்தார்.

"ஒரு நாளைக்கு ஆரும் அதைப் பால் கறக்கக் கேக்கப் போறாங்கள், பாருங்கோ" என்று சொல்லிவிட்டுக் கமலாசனி போனார்.

கறக்கக் கேட்கவில்லை. காட்டச் சொன்னார்கள். காணிக் கந்தோரில் மனுக்களைப் படித்த அதிகாரி, ஒரே விதானைப் பிரிவில் பன்னிரண்டு ஒற்றைக் கொம்பு எருமைகள் இருப்பதைக் கண்டு பயந்துவிட்டார். கொம்பு விழுகிற நோய் ஏதும் பரவுகிறதோ என்று மிருக வைத்தியருக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தப் பிரிவின் கிராம அலுவலரான விதானையாருக்கு மற்றொன்று: 'மேற்படி எருமைகளை நேரிற் கண்டு, உண்டு அல்லது இல்லை எனச் செவ்வாய்க்கிழமைக்குள் அறிக்கையிடவும்.'

விதானையார் சிற்றம்பலத்துக்குக் கையெழுத்து நன்றாக வராது. நேரே பரமலிங்கத்திடம் வந்தார்.

"பரமலிங்கம், ஒரு பட்டியல் வேணும். நீயும் கூட வா. நான் பாக்கிறன், நீ எழுது."

பரமலிங்கம் அன்றிரவே பட்டியலைத் தட்டினார். பேர், ஊர், எருமை என்று மூன்று நிரல். பேர்களை எந்த ஒழுங்கில் போடுவது? அகரவரிசையில் போட்டால் நீளமும் கட்டையுமாக வந்து கண்ணைக் குத்தியது. ஆகவே நீளத்தின்படி அடுக்கினார். கட்டைப் பேர் மேலே, நீளப் பேர் கீழே, குளத்துப் படிக்கட்டு இறங்குவதுபோல. தகப்பன் பேரோடு சேர்த்து 'வைத்திலிங்கம் இளையதம்பி' கடைசிப் படியில் நின்றது. எருமை நிரலுக்கு நாலு தட்டு அகலம் விட்டார். 'இல்லை'க்கு நாலு போதும். 'உண்டு'க்கு மூன்றும் ஒரு புள்ளியும்.

விதானையார் எருமை பார்க்க வருகிறார் என்ற செய்தி அவருடைய சைக்கிளை விட வேகமாகப் போனது. மனுக் கொடுத்த மற்றப் பதினொரு பேரும் இளையதம்பியின் கொட்டிலுக்கு முன்னால் நின்றார்கள். எல்லாரும் கூட வேலை செய்கிறவர்கள், நாற்று நட ஆள் கொடுத்தவர்கள்.

"ஒரு நடைதான் அண்ணை. எருமை இல்லையெண்டா மனு பொய்யெண்டு தள்ளிப்போடுவாங்கள். விதானையார் போன உடன திருப்பிக் கொண்டந்து விடுறன்" என்றான் யோகநாதன். மற்றப் பத்துப் பேரும் அதையே சொன்னார்கள், நிரப்பின மனுவைப்போல. இராசமலர் அப்போது சந்தைக்குப் போயிருந்தாள். இளையதம்பிக்கு 'இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லை. கயிற்றைக் கொடுத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை விதானையாரும் பரமலிங்கமும் சைக்கிளில் ரோட்டால் போனார்கள். எருமை வாய்க்கால் கரையால் முந்திப் போனது. முதல் வீட்டில் அது மாட்டுக் கொட்டிலில் நின்றது. "உண்டு" என்றார் விதானையார். பரமலிங்கம் எழுதினார். இரண்டாம் வீட்டில் அது வேலியோரம் நின்றது, சற்று மூச்சு வாங்கிக்கொண்டு. "உண்டு." யோகநாதனின் வீட்டில் அது கிணற்றடியில் நின்று, அவன் தந்த புண்ணாக்கைத் தின்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் அதை வரச்செய்யப் புண்ணாக்கு வைக்க வேண்டியிருந்தது. ஆறாம் வீட்டுக்கு வரும்போது அதன் வயிறு பறை மேளம்போல இருந்தது.

ஆறாம் வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது பரமலிங்கம் மெதுவாகச் சொன்னார்: "விதானையார், இந்த எருமையை நான் எங்கேயோ கண்டமாதிரி."

"எருமையெல்லாம் ஒரே மாதிரித்தான், பரமலிங்கம்."

"கொம்பிலை கட்டியிருக்கிற சிவப்புத் துணியும் ஒரே மாதிரியோ?"

விதானையார் சைக்கிளை நிறுத்தினார். "இஞ்ச பார். ஏழாம் வீடு என்ரை மருமோன்ரை. உனக்கு எழுதத் தெரியும், எனக்குப் பாக்கத் தெரியும். அவரவர் வேலையைப் பாப்பம்."

பதினொரு 'உண்டு' எழுதியாயிற்று. வெயில் உச்சிக்கு வந்தபோது கடைசிப் படிக்கு, இளையதம்பியின் கொட்டிலுக்குப் போனார்கள். அங்கே எருமை இல்லை.

பதினோராம் வீட்டிலிருந்து வரும் வழியில் அது வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பதினொரு வீட்டுப் புண்ணாக்கு, பதினொரு வீட்டு நடை. இனி அரசாங்கமே வந்தாலும் எழும்புவதில்லை என்று தண்ணீருக்குள் கிடந்தது. இளையதம்பி கரையில் நின்று கயிற்றை இழுத்தான். கயிறு வந்தது.

"விதானையார், ஒரு அரை மணித்தியாலம் பொறுங்கோ. அது தானா வரும்" என்றான் கயிற்றோடு கொட்டிலுக்கு ஓடிவந்த இளையதம்பி.

"காணாததை உண்டு எண்டு போடேலாது. வீட்டை சாப்பாடு ஆறுது, மோனை. கந்தோருக்கு மூண்டு மணிக்குள்ள குடுக்கவேணும்." விதானையார் பரமலிங்கத்தைப் பார்த்தார். "எழுது."

பரமலிங்கம் பென்சிலை எடுத்தார். 'வாய்க்காலில் கிடக்கிறது' என்று எழுத வேண்டும். நிரல் நாலு தட்டு அகலம். எழுதினால் அது கோட்டைத் தாண்டி, ஓரத்தைத் தாண்டி, தாளுக்கு வெளியே போய்விடும். படிக்கட்டின் கடைசிப் படியில் அப்படி ஒரு வால் தொங்குவதை அவர் மனக்கண்ணால் பார்த்தார். கை ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது: 'இல்லை.' அச்சாகப் பொருந்தியது.

அடுத்த நாள் காலை இராசமலர் சைக்கிள் கடைத் தாழ்வாரத்துக்கு வந்தாள். அவளுடைய குரல் பஸ்ஸுக்கு நின்றவர்களையும் வரிசையாகத் திருப்பியது.

"ஐயா, ஊரில எருமை இல்லாத பதினொரு பேருக்கு எருமை குடுத்தியள். எருமை உள்ள எனக்கு இல்லை எண்டு எழுதினியள். இதென்ன எழுத்து?"

"பிள்ளை, தாளில இடம் காணேல்லை..."

"ஓம், எங்களுக்கும் இடம் காணாது. அதுக்குத்தானே உங்களட்ட வந்தனாங்கள்!"

பரமலிங்கம் மெசினிலிருந்த தாளை இறக்கினார். இராசமலர் போனபிறகு யோகநாதன் ஒரு ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதில் மிகவும் கவனமாக இருந்தான்.

வீட்டுக்கு வந்து கமலாசனியிடம் சொன்னார். கமலாசனி, "நாளைக்கு வியாழக்கிழமை. எண்ணாமல் ஒரு கடிதம் எழுதத் தெரியுமோ உங்களுக்கு?" என்றார்.

தெரியாது. ஆனாலும் சந்திக்குத் திரும்பிப்போய் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தார். முதல் வரி முப்பத்திரண்டில் முடிந்தது. விரல் தானாக 'மிகவும்' என்று போனது. அதன்மேல் குறுக்குக் கோடு அடித்தார். இரண்டாம் வரி ஐம்பத்தைந்துக்குப் போய்த் தாளின் விளிம்பில் ஒரு எழுத்து பாதி தொங்கியது. நாலாம் வரியில் கண்ணை மூடிக்கொண்டு தட்டினார். முடிந்ததும் தாளைப் பார்க்காமலே மடித்தார்.

காணிக் கச்சேரி ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. அதிகாரி மனுக்கட்டை ஒரு பக்கமும் விதானையாரின் பட்டியலை மற்றப் பக்கமும் வைத்திருந்தார். இளையதம்பியின் பேர் வந்ததும் பட்டியலைப் பார்த்தார்.

"உமக்கு எருமை இல்லையாம். மனுவில உண்டு எண்டு போட்டிருக்கு. பன்னிரண்டு பேரில பொய் சொன்னது நீர் ஒராள்தான்."

இளையதம்பி வாயைத் திறக்குமுன் பரமலிங்கம் முன்னால் வந்து கடிதத்தை நீட்டினார். அதிகாரி அதை விரித்தார். நேராகப் பிடித்தார், சரித்துப் பிடித்தார்.

"இதை ஆர் டைப் பண்ணினது?"

"நான்தான், ஐயா."

"குடிச்சிட்டோ?"

"இல்லை, ஐயா. எண்ணாமல்."

அதிகாரி உரக்க வாசித்தார்: "ஐயா, ஏழாம் வரியில் உள்ள எருமை இளையதம்பியுடையது. மற்ற மனுக்களில் அதைக் கட்டியவன் நான். வரி நேராக வர வேண்டும் என்பதற்காகக் கட்டினேன். அவனுக்கு இல்லை என்று எழுதியதும் நான். எருமை உண்டு. அன்று வாய்க்காலில் கிடந்தது. அதை எழுத நான் இடம் விடவில்லை."

மண்டபத்தில் பதினொரு பேர் ஒரே நேரத்தில் தங்கள் காலைப் பார்த்தார்கள். விதானையார் முகட்டைப் பார்த்தார்.

"அந்த எருமை இப்ப எங்கை?"

"வெளியில நிக்குது, ஐயா. பெண்சாதி பிடிச்சுக்கொண்டு நிக்கிறா" என்றான் இளையதம்பி.

அதிகாரி எழுந்து வெளியே வந்தார். கூட எல்லாரும் வந்தார்கள். இராசமலர் வேப்பமரத்தடியில் கயிற்றோடு நின்றாள். எருமை தலையைத் தூக்கிப் பார்த்தது. யோகநாதனைக் கண்டதும் இராசமலரையும் இழுத்துக்கொண்டு நேரே போய் அவனுடைய மடியை மோந்தது. அங்கே புண்ணாக்கு இல்லை என்றதும் பக்கத்தில் நின்றவனிடம் போனது. பிறகு அடுத்தவன். விதானையாரின் மருமகனிடம் சற்றுக் கூட நேரம் நின்றது. அவன் வீட்டில் தவிடும் வைத்திருந்தார்கள். புண்ணாக்கு வைத்த ஒருவரையும் அது விடவில்லை. அதிகாரி பென்சிலால் எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றில் நிறுத்தினார்.

"விதானையாரை விட இது நல்லா அறிக்கை குடுக்குது" என்றார்.

உள்ளே போய், சிவப்புப் பென்சிலை எடுத்து, பன்னிரண்டு மனுவிலும் ஏழாம் வரியை அடித்தார். பிறகு ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வாயால் கேட்டார். எத்தனை பிள்ளைகள், எங்கே இருப்பு, எத்தனை போகம் செய்தாய் என்று. அப்படிக் கேட்டபோது சிலருக்குக் கிடைத்தது, சிலருக்கு இல்லை. இளையதம்பிக்கு மூன்று ஏக்கர், வாய்க்காலோடு ஒட்டி. யோகநாதனின் மனுவைப் பார்த்து அதிகாரி, "உம்மடை பிள்ளையள் பிறந்து பசியில வாடத் தொடங்கின பிறகு வாரும்" என்றார்.

அன்று பின்னேரம் பரந்தன் சந்தியில் பேச்சு வேறு விதமாகத் திரும்பியது. காணி கிடைத்தது எருமையால் அல்ல, கோணல் கடிதத்தால் என்று சனம் முடிவு கட்டியது. அடுத்த கிழமை மல்லாவியிலிருந்தும் ஓமந்தையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

"மாஸ்டர், எங்களுக்கும் அந்தக் கோணல் மனுவில ஒண்டு."

பரமலிங்கம் முதலில் மறுத்தார். பிறகு மனம் இரங்கினார். முதல் ஆளுக்கு எண்ணாமல் தட்டினார். இரண்டாம் ஆளுக்கும் எண்ணாமல்தான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றின் கோணல் மற்றதில் இல்லை. அது அவருக்குப் பொறுக்கவில்லை.

ஒரு மாதத்துக்குப் பிறகு கமலாசனி சாப்பாடு கொண்டுவந்தபோது மேசையில் ஒரு கட்டு மனு அடுக்கிக் கிடந்தது. எல்லாவற்றிலும் பேருக்கு இடம், ஊருக்கு இடம், பிள்ளைகளுக்கு இரண்டு இலக்கம். முதல் வரி முப்பத்திரண்டு, இரண்டாவது ஐம்பத்தைந்து, அதன் கடைசி எழுத்து பாதி தொங்கியபடி. மேலிருந்து கீழ்வரை ஒரு தாளின் கோணலும் அடுத்த தாளின் கோணலும் மயிரிழை பிசகாமல் ஒத்திருந்தன. முதல் வரியில் 'மிகவும்' என்று அடித்து, அதன்மேல் குறுக்குக் கோடும் அதே இடத்தில் அடிக்கப்பட்டிருந்தது.

கமலாசனி ஏழாம் வரியைத் தேடினார். அது பாதியில் நின்றிருந்தது. மிச்சம் வெறும் தாள்.

"இதில என்ன வரும்?"

"ஒண்டும் வராது. அவரவர் எருமையை அவரவர் கையால எழுதட்டும் எண்டு விட்டிருக்கிறன்" என்றார் பரமலிங்கம். சோற்றுப் பாத்திரத்தைத் திறக்குமுன், அந்த வெற்றிடத்தின் நீளத்தை அடிமட்டத்தால் இன்னொரு முறை அளந்து பார்த்துக்கொண்டார்.